வாசகர் மேடை: திரையில் மழை நின்ற கதை

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு வடசென்னையிலிருந்து வந்தவை. நான்கும் டிஜிட்டல் படத்தைப் பற்றியே கேட்டிருப்பதால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அகஸ்தியாவில் படம் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்நாளில் "பெட்டி வந்துவிட்டதா?" என்றுதான் கேட்போம். இப்போது பெட்டியே கிடையாது என்கிறார்களே, படம் எப்படித்தான் தியேட்டருக்கு வருகிறது?
– ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி, தண்டையார்பேட்டை

பதில்: அந்தப் பெட்டியில் வந்தது படத்தின் பிரதி, அதாவது பிரிண்ட். அது ஃபிலிம் சுருள்களாக இருக்கும். 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. ஆயிரம் அடிச் சுருள்களாகக் கணக்கிட்டால் 14 ரீல். ஒவ்வொரு பிரிண்டுக்கும் பெரும் பணம் செலவானதால் தயாரிப்பாளர்கள் அளவாகவே பிரிண்ட் போட்டார்கள். ஒரே பெட்டியை இரண்டு கொட்டகைகள் பகிர்ந்துகொண்டு, இங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் அங்கே கொண்டு ஓடியதும் உண்டு. பெரிய தியேட்டர்களில் வாரக்கணக்கில் ஓடித் தேய்ந்த பிரிண்ட் அடுத்த சுற்றுக் கொட்டகைகளுக்கு வந்து சேரும்போது அதில் கீறல் விழுந்திருக்கும். திரையில் மழை பெய்கிறது என்று நாம் சொன்னது அதைத்தான்.

இன்று படம் ஹார்ட் டிஸ்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ பூட்டிய கோப்பாக வருகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவிக்கு கே.டி.எம். என்று பெயர். ஒரு குறிப்பிட்ட தியேட்டரின் கருவியில், குறிப்பிட்ட நாளிலிருந்து குறிப்பிட்ட நாள் வரை மட்டுமே அது வேலை செய்யும். பணப் பாக்கி தீராமல் சாவி வராவிட்டால், படம் தியேட்டருக்குள்ளேயே இருந்தும் காலைக் காட்சி தொடங்காது. படக்கூர்மையைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். என் கணிப்பில் அது இரண்டாம் இடத்துக்குரியது. அண்ணாசாலையில் பார்ப்பவருக்கும் இராயபுரத்தில் பார்ப்பவருக்கும் ஒரே நாளில் ஒரே தரத்தில் படம் கிடைக்கிறது என்பதே இதில் பெரிய மாற்றம். அந்த நியாயம் கிடைப்பதற்குள் நம் பக்கத்துத் தியேட்டர்கள் பல மறைந்துவிட்டன. நீங்கள் சொல்லும் அகஸ்தியாவும் 2020இல் மூடப்பட்டது.

கேள்வி: புதிதாகப் பெரிய டி.வி. வாங்கினோம். அதில் எந்தப் படத்தைப் போட்டாலும் சீரியல் பார்ப்பது போலவே இருக்கிறது. கடைக்காரரோ "அதுதாம்மா கிளாரிட்டி" என்கிறார். உண்மையா?
– இல்லத்தரசி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இல்லை, அம்மா. உங்கள் கண்தான் சரி. திரைப்படம் விநாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. அசைவில் தெரியும் அந்த லேசான மங்கலைத்தான் நம் மனம் சினிமா என்று பழகி வைத்திருக்கிறது. புதிய டி.வி.க்கள் இரண்டு படங்களுக்கு நடுவே தாமாகவே சில படங்களைக் கற்பனை செய்து நுழைத்து அசைவை வழவழப்பாக்குகின்றன. ஒளிப்பதிவாளர் எடுக்காத படங்கள் அவை! கிரிக்கெட்டுக்கு அது உதவலாம், படத்துக்கு வேண்டாம். பட அமைப்பில் 'மோஷன்' என்ற சொல்லோடு வரும் வசதியை அணைத்துவிடுங்கள், அல்லது 'சினிமா', 'ஃபிலிம்மேக்கர்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கையோடு கூர்மையின் அளவையும் குறைத்துவிட்டால் நடிகர்களின் முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாகத் தெரிவதும் ஓரளவு அடங்கும்.

கேள்வி: காசிமேட்டில் விடியுமுன் நடக்கும் மீன் ஏலத்தை, தனி விளக்கு வைக்காமல் குறும்படமாக எடுக்க நினைக்கிறேன். டிஜிட்டல் கேமராவில் முடியுமா?
– கல்லூரி மாணவர், காசிமேடு

பதில்: தாராளமாக முடியும். குறைந்த வெளிச்சத்தில் படம் பதியும் திறனை ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணால் அளக்கிறார்கள்; எண் கூடக் கூட இருட்டில் எடுப்பது எளிது. கோடாக் நிறுவனம் இன்று தரும் வண்ண ஃபிலிம் நெகட்டிவில் அதிகபட்சமே 500 ஐ.எஸ்.ஓ. அளவுதான். இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றுக்கு 800 இயல்பான அளவு. 2500க்கு மேலும் சில தாங்கும். முன்பு ஜெனரேட்டர் வண்டியும் லைட்மேன்களும் இல்லாமல் எடுக்க முடியாத இருட்டை இன்று ஏலக்கூடத்து விளக்குகளை மட்டும் நம்பி எடுக்கலாம். 2004இல் வெளிவந்த 'வானம் வசப்படும்' படத்தை பி.சி.ஸ்ரீராம் டிஜிட்டலில் எடுத்தபோதுகூடக் கருவிகள் இவ்வளவு தேறியிருக்கவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இருட்டைத் தாங்கும் இந்தக் கேமரா மிகைவெளிச்சத்தை ஃபிலிம் அளவுக்குத் தாங்காது. தொங்கும் பல்பும் ஐஸ்கட்டியின் பளபளப்பும் வெறும் வெள்ளையாக எரிந்துபோகும், எரிந்ததைப் பிறகு கணினியில் நிறம் திருத்தும் டி.ஐ. வேலையிலும் மீட்க இயலாது. ஆகவே வெளிச்சத்துக்கு அளவு வைத்துவிட்டு இருட்டை இருட்டாகவே விடுங்கள். அடுத்தது, ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தில் அன்றைய இயக்குநர்கள் ஒத்திகை பார்த்துவிட்டே கேமராவை ஓடவிட்டார்கள். இன்று நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே போகலாம்; அந்த முப்பது மணி நேரக் காட்சியை உட்கார்ந்து பார்க்கப்போவது யார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா 1970களில் எடுத்த 8 மி.மீ. சுருள்கள் சிலவும், என் திருமண வீடியோ கேசட்டும் வீட்டில் இருக்கின்றன. இரண்டையும் எச்.டி. தரத்துக்கு மாற்ற முடியுமா?
– வாசகி, இராயபுரம்

பதில்: பழையதுதான் உங்களுக்குக் கூடுதலாகத் தரும். ஃபிலிம் சிறிதானாலும் அதில் பதிந்த நுணுக்கம் அதிகம். நல்ல ஸ்கேனரில் கொடுத்தால் இதுவரை நீங்கள் காணாத விவரங்கள்கூடத் தெரியலாம். 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் டிஜிட்டலில் செப்பனிடப்பட்டுத் திரையரங்குகளில் ஓட முடிந்ததும் ஃபிலிம் இருந்ததால்தான். வீடியோ கேசட்டின் கதை வேறு. எச்.டி. படம் ஒன்றில் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள். கேசட்டில் பதிவானது அதில் ஒரு சிறு பங்குதான். கணினி அதைப் பெரிதாக்கும், இல்லாததைக் கொண்டுவராது.

சுருள் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. வெப்பமும் ஈரக் காற்றும் அதை விரைவுபடுத்தும், உங்கள் வீடோ கடலுக்குப் பக்கம். கேசட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சுருள்களை ஸ்கேன் செய்யக் கொடுங்கள். கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்கில் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். ஸ்கேன் முடிந்த பிறகும் சுருள்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.