பட்டி நாய்க்கு வயிற்றில் ஆபரேஷன்: எப்போது அவிழ்த்து விடலாம்?

கேள்வி: எங்கள் ஆட்டுப் பட்டியைக் காக்கும் ஏழு வயதுப் பெட்டை நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டிவிட்டது. ஐந்து நாளைக்கு முன்பு ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாகத் தின்கிறது. ராத்திரியானால் பட்டிக்குப் போகச் சங்கிலியை இழுக்கிறது. அவிழ்த்து விடலாமா? தையலில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசலாமா?
- ஒரு வாசகி, காங்கேயம் பக்கம்

பதில்: அவிழ்த்து விடாதீங்க அம்மா. முதல் இரண்டு நாள் வலியே நாயைப் படுக்க வைத்துவிடும். ஐந்தாம் நாள்தான் ஆபத்து. சீழ் போய்ப் பசி வந்ததும், தனக்கு ஒன்றுமில்லை என்று அது கிளம்பிவிடும். மேல்தோல் ஒட்டியது போலத் தெரிந்தாலும், உள்ளே வயிற்றுச் சதையை இன்னும் தையல் நூல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் தோட்டத்திலும் ஒரு நாயை ஆறாம் நாள் அவிழ்த்து விட்டோம். கிளுவை வேலியோரம் ஏதோ சலசலத்தது, ஒரே தாவு. விடிந்து பார்த்தால் தையல் பிரிந்து, படுத்த இடமெல்லாம் ரத்தம். மறுபடி தைத்துத்தான் காப்பாற்றினோம்.

தையல் பிரிக்கப் பத்து முதல் பதினாலு நாள் ஆகும். அதுவரை ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக மட்டும் கயிற்றில் பிடித்து, ஐந்து பத்து நிமிடம் நடத்துங்கள். கட்டுத்தரையில் கட்ட வேண்டாம். சாணியும் ஈயும் இருக்கும் இடத்தில் காயம் புழு வைத்துவிடும். வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் சாக்கு விரித்து, மேலே பழைய சேலைத் துணியைப் போட்டுத் தினமும் மாற்றுங்கள். ஆடு கத்துவது காதில் விழுந்தால் அது நிலைகொள்ளாது. அதனால் ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பட்டியோரம் கயிற்றுக் கட்டிலைப் போட்டு வீட்டில் யாராவது படுங்கள். மேய்ச்சல் நிலமான கொரங்காட்டுப் பக்கமும் கூட்டிப் போகாதீர்கள். கொழுக்கட்டைப் புல்லின் சுணை தையலில் ஒட்டினால் நக்கி நக்கியே பிரித்துவிடும்.

மஞ்சள், வேப்பெண்ணெய் இரண்டுமே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டும், வாசனைக்கு நாயும் நக்கும். புழு வராமலிருக்கக் கற்பூரம் வைக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. நக்கி உள்ளே போனால் அது நாய்க்கு விஷம். டாக்டர் தந்த மருந்து மட்டும் போதும், குளிப்பாட்டவும் கூடாது. கழுத்துக்கு மாட்டும் கூம்பு இல்லாவிட்டால் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றி மாட்டலாம்.

காலையும் மாலையும் மல்லாத்தாமல், பக்கவாட்டில் படுக்க வைத்துத் தையலைப் பாருங்கள். ஓரம் லேசாகச் சிவந்து, நூலோரம் சிறு தடிப்பு இருந்தால் பயமில்லை. நாற்றம், சீழ், திடீர் வீக்கம், சொட்டும் ரத்தம் என்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். உதட்டைத் தூக்கி ஈறையும் பாருங்கள். ரோஸ் நிறம் போய் வெளுத்திருந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, ஒருநாள் முழுக்கத் தின்னாவிட்டாலோ, ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் சூடு 103 டிகிரியைத் தாண்டினாலோ காத்திருக்காதீர்கள். தையல் விட்டுக் குடல் தெரிந்தால் உள்ளே தள்ளாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடிக் கட்டி உடனே தூக்கிப் போங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், மூட்டுவலி மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். சீழ் கட்டிய நாயின் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கும், மூட்டுவலி மாத்திரை அதை முடக்கிவிடலாம்; பாராசிட்டமால் ஈரலையும் ரத்தத்தையும் கெடுத்துவிடலாம். டாக்டர் எழுதிய ஆன்டிபயாட்டிக்கை நாய் தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

சாப்பாடு குழையச் சோறு, எலும்பில்லாத வேகவைத்த கோழிக்கறி அல்லது முட்டை. உப்பு, காரம் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு வேளை. மிஞ்சிய குழம்பு ஊற்றாதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது.

தையல் பிரித்த பிறகும் இரண்டு வாரம் கயிற்றிலேயே இருக்கட்டும். அப்புறம் டாக்டர் பார்த்துச் சரி என்றால் பட்டிக்கு விடலாம். இந்த ஆபரேஷனில் வழக்கமாகச் சினைப்பையையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள்; அப்படியானால் இனி அது பருவத்துக்கு வராது, உடம்பும் சீக்கிரம் போடும். பழையபடி ஓட ஆரம்பித்ததும் தீனியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.