ஆபீஸில் கெட்டிக்காரி, வீட்டில் மறதிக்காரி: ஏன் இப்படி?

கேள்வி: எனக்கு 36 வயது. திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். முப்பது பேருடைய ஜிஎஸ்டி கணக்கை ஒரு மாதம்கூடத் தேதி தவறாமல் முடித்துக் கொடுக்கிறேன். வீட்டில் மட்டும் எல்லாம் தலைகீழ். கரண்ட் பில் கட்ட மறந்து இரண்டு முறை ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நகர்ந்தால் பொங்கிய பிறகுதான் ஞாபகம் வரும். துவைத்த துணி ஒரு வாரம் நாற்காலியிலேயே கிடக்கிறது. "உனக்கு வீட்டு மேல அக்கறையே இல்லை" என்கிறார் கணவர். வீடியோக்களில் இதை ஏடிஹெச்டி (கவனச் சிதறல், அதீத துறுதுறுப்புக் கோளாறு) என்கிறார்கள். எனக்கு இருப்பது சோம்பலா, நோயா?

பதில்: சோம்பல் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அந்தக் கேள்விதான் அதிகம் வலிக்கிறது. முப்பது பேர் கணக்கைத் தேதி தவறாமல் முடிக்கிறவருக்கு அக்கறையும் உழைப்பும் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

திட்டமிடுவது, தொடங்குவது, பாதியில் கவனத்தைக் காப்பது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது, இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலையில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. மூளையின் நிர்வாகத் திறன்கள் என்று இவற்றைச் சொல்வோம். திறன் இல்லை, திறன்கள். 2000-ல் உளவியலாளர் அகிரா மியாகே குழுவினர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வில், கவனத்தை மாற்றுவது, மனதில் இருப்பதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது, தூண்டுதலை அடக்குவது ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை, ஆனால் தனித்தனியானவை என்று தெரிந்தது. அதனால் ஒன்றில் நீங்கள் கெட்டியாக இருந்து இன்னொன்றில் தடுமாறுவது சாதாரணம்.

சரி, ஆபீஸில் மட்டும் ஏன் தடுமாறுவதில்லை? அங்கே உங்களுக்காக யார் யாரெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஜிஎஸ்டி கணக்குக்குக் கடைசி நாளான 20-ம் தேதி நெருங்குவது எல்லோருக்கும் தெரியும், வாடிக்கையாளர் போன் செய்து நச்சரிப்பார், பக்கத்து சீட்டில் இருப்பவர் "முடிச்சாச்சா?" என்று கேட்பார், ஃபைல் கண்முன்னால் மேஜையிலேயே இருக்கும். வீட்டில் இதில் ஒன்றுகூட இல்லை. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால் பழக்கமாகவும் ஆகாது, துணி மடிக்கவில்லை என்றால் அபராதமும் கிடையாது. எல்லாவற்றையும் உங்கள் தலைதான் சுமக்க வேண்டும், அதுவும் ஆபீஸில் ஒரு நாள் முழுக்கக் களைத்துப்போன தலை. மனதில் ஒரே நேரத்தில் ஏழு விஷயங்கள் வரை நிற்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை நான்கு அளவுக்குக் குறைத்துவிட்டன. பால், மகளின் ஹோம்வொர்க், நாளைய டிபன், மாமியாரின் மாத்திரை என்று நான்கும் அங்கேயே நிரம்பிவிட்டால் பில்லுக்கு ஏது இடம்?

ஒரு சின்ன நோட்டு வாங்கி இரண்டு வாரம் எழுதுங்கள். "மறந்துவிட்டேன்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை, எந்த இடத்தில் நின்றுபோனது என்று எழுத வேண்டும். தொடங்கவே முடியவில்லையா, தொடங்கிப் பாதியில் விட்டீர்களா, வேறொரு வேலையில் மூழ்கி அதைவிட்டு எழ முடியவில்லையா, பத்து நிமிடம் என்று நினைத்தது நாற்பது ஆனதா? கூடவே முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாதவிடாய்ச் சுழற்சியில் எத்தனாவது நாள் என்பதையும் குறியுங்கள். நன்றாக நடந்ததையும் கட்டாயம் எழுதுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கோ அதுதான் முக்கியம், ஏனென்றால் உங்கள் பலம் எந்தச் சூழலில் வெளிவருகிறது என்பது அதில்தான் தெரியும்.

பாலை மறக்கிறவருக்கும் துணியைத் தொடங்க முடியாதவருக்கும் ஒரே மருந்து கிடையாது. பாதியில் நழுவுகிறது என்றால், பால் வைத்ததும் போனில் ஐந்து நிமிட டைமர், டைமர் அடிக்கும்வரை சமையலறையை விட்டு வெளியே வரக் கூடாது. தொடங்குவதுதான் சிக்கல் என்றால் "இன்றைக்கு மடிக்கணும்" என்று நினைப்பது போதாது. "ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் ஐந்து துணி மடிப்பேன்" என்று ஏற்கெனவே இருக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். இப்படி 'இது நடந்ததும் அது' என்று முன்கூட்டியே தீர்மானிப்பது நன்றாக வேலை செய்வதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். பில்லுக்கான மெசேஜ் வந்ததா, நின்ற இடத்திலேயே கட்டிவிடுங்கள், அப்புறம் என்று வைத்தால் போச்சு. இல்லையென்றால் அந்த ஒரு வேலையைக் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். இந்தப் பதிலை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

இதற்கிடையில் உடம்பையும் பார்க்க வேண்டும். தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12 நான்கையும் பரிசோதித்துவிடுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம், குறைந்தால் கவனமும் ஞாபகமும் தளரும். தூக்கம் போதாமை, குறட்டையோடு மூச்சுத் தடைபடுவது, மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே அச்சு அசலாக இப்படித்தான் தோன்றும். இந்தத் தடுமாற்றம் கடந்த சில வாரங்களில் திடீரென்று வந்தது என்றால், அல்லது பேச்சுக் குழறல், தலைவலி, நடையில் மாற்றம் கூடவே இருந்தால், நோட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே டாக்டரைப் பாருங்கள்.

ஏடிஹெச்டி பற்றிக் கேட்டீர்கள். அது 36 வயதில் புதிதாக முளைப்பதில்லை. அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி, வேலை என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிந்திருக்க வேண்டும், வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும். ஆபீஸில் நன்றாகச் செய்வதால் அது இல்லவே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். பெண் குழந்தைகளில் துறுதுறுப்பைவிடக் கவனச் சிதறல்தான் பல சமயம் தூக்கலாக இருக்கும், வகுப்பில் சத்தம் போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை. அப்படிப் பலர் முப்பதுகளில், நாற்பதுகளில்தான் எங்களிடம் வருகிறார்கள். உறுதியானால் மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன, நல்ல பலனும் கிடைக்கிறது. வீடியோ பார்த்து முடிவுக்கு வர வேண்டாம், அதை ஒதுக்கித் தள்ளவும் வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த நோட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் உங்கள் சின்ன வயதை நன்றாக அறிந்த ஒருவரை, அம்மாவையோ அக்காவையோ, கூட அழைத்துப் போங்கள். பழைய ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு எங்காவது பரணில் கிடந்தால் அதையும்.