ஈரம் இருந்தும் வெங்காயம் வாடுவது ஏன்?

கேள்வி: வெங்காயப் பயிர், மண்ணில் ஈரம் இருந்தும் மதிய வெயிலில் துவள்கிறது, தாளின் நுனி கருகுகிறது. பாய்ச்சுவது சற்று உப்பான ஆழ்துளைக் கிணற்று நீர். யூரியா போட்டும் தேறவில்லை. வெங்காயத் தோலில் உப்புநீர் விட்டதும் செல் சுருங்கியதைப் பள்ளியில் நுண்ணோக்கியில் பார்த்ததாக மகள் சொல்கிறாள். வயலிலும் அதுதான் நடக்கிறதா?

பதில்: அடிப்படை அதேதான், ஆனால் அளவு வேறு. சிவப்பு வெங்காயத்தின் மேல்தோலை உரித்துப் பார்த்தால், செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் தெரியும்; ஒவ்வொன்றிலும் ஊதாச் சாறு விளிம்பு வரை நிறைந்திருக்கும். 5 சதவீத உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டால், சில நிமிடங்களில் செல்லின் நீர் வெளியேறும். செல்சுவர் அப்படியே நிற்க, உள்ளே சவ்வு மட்டும் விலகி, ஊதா நிறம் நடுவில் திரண்டு அடர்ந்துபோகும். உடனே நல்ல தண்ணீர் விட்டால் பெரும்பாலான செல்கள் மீண்டும் நிறையும்.

அந்தக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் உப்பு. கடல்நீரிலேயே சுமார் 35 கிராம்தான். உங்கள் கிணற்று நீரை அதே தோலில் விட்டால் அநேகமாக ஒன்றும் ஆகாது. அதை நம்பி நீர் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வயலில் வேர் சுருங்கும் அளவுக்குப் போக வேண்டியதில்லை. மண்நீரில் உப்பு ஏறினாலே வேர் நீரை இழுப்பது கடினமாகும். மண் காயக் காய நீர் மட்டும் போய் உப்பு தங்கும். ஈரம் பாதியானால் மிச்ச நீரில் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கைக்குத் தெரிகிற ஈரம் பயிருக்குக் கிடைப்பதில்லை.

வெங்காயம் உப்பை அதிகம் தாங்காது. நீரில் குழைத்த மண்ணிலிருந்து வடித்த சாற்றின் மின்கடத்துதிறன்தான் உப்பின் அளவைக் காட்டும். அது மீட்டருக்கு 1.2 டெசிசைமனைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும், பருத்தியோ 7.7 வரை தாங்கும். எனவே வேர் ஆழத்து மண்ணையும் நீரையும் முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

யூரியாவை இப்போதே நிறுத்துங்கள். அதுவும் மண்நீரில் கரைந்து, உப்பைப்போலவே சுமையைக் கூட்டும். மண் நன்றாகக் காயவிடாமல் குறைந்த இடைவெளியில் பாய்ச்சுங்கள். நல்ல நீர் கிடைத்தால், வடிகாலைத் திறந்துவிட்டு ஒருமுறை தாராளமாகப் பாய்ச்சி உப்பை வேருக்குக் கீழே இறக்குங்கள். வடிகால் இல்லாமல் அப்படிச் செய்தால் நீர் தேங்கி வேர் அழுகும். உப்புநீரைத் தெளிப்பானில் விடவேண்டாம், தாள் கருகும்.

அடுத்த நடவில் பாரின் (உயர்த்திக் கட்டிய மண்மேட்டின்) உச்சியைத் தவிர்த்துச் சரிவில் நடுங்கள். உப்பு உச்சியில்தான் வந்து பூக்கும். ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு உரியது. கரையும் உப்பு மட்டுமே மிகுந்த வெறும் உவர் மண் என்று பரிசோதனை முடிவு வந்தால் அதற்குச் செலவு செய்யாதீர்கள்.