பவர் பிரஸ் விபத்து: 'கவனக்குறைவு' மூலகாரணம் ஆகாது

பவர் பிரஸ்ஸில் (தகட்டை அழுத்தி வெட்டும், வடிவமைக்கும் இயந்திரம்) ஆபரேட்டரின் விரல் போன விபத்துக்கு நீங்கள் எழுதிய மூலகாரண அறிக்கை திரும்பி வந்துவிட்டது என்கிறீர்கள். 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்ற வரியை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். அதை எழுதியதால்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கை டைக்குள் (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) இருக்கும்போது ஸ்லைடு (மேலிருந்து இறங்கி அழுத்தும் பாகம்) எப்படி இறங்க முடிந்தது? அதற்குத்தான் விடை வேண்டும்.

இரு கை பட்டன் (இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் ஓடும் அமைப்பு) இருந்தும் விரல் போயிருக்கிறது என்கிறீர்கள். ஒரு பட்டனை டேப் ஒட்டியோ ஆப்பு செருகியோ நிரந்தரமாக அழுத்தி வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் எல்லாவற்றையும் இருந்தபடியே படம் எடுங்கள். பிறகு டையைக் கழற்றிவிட்டு, யாரும் உள்ளே கை விடாமல்:

1. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்து, ஒரு நொடி கழித்து மற்றதை அழுத்துங்கள். ஸ்லைடு அசையக் கூடாது. இடைவெளி 0.5 நொடிக்குள் இருந்தால்தான் ஓட வேண்டும்.
2. ஸ்ட்ரோக் (ஸ்லைடு ஒருமுறை இறங்கி ஏறுவது) முடிந்ததும் ஒன்றை மட்டும் விட்டு மறுபடி அழுத்துங்கள். அப்போதும் ஓடக் கூடாது.

ஓடினால், இரண்டு பட்டனையும் வெறும் தொடர் இணைப்பில் (இரண்டும் அழுந்தியிருந்தாலே ஓடும்படி) கொடுத்திருக்கிறார்கள். கட்டி வைத்து ஏமாற்றக்கூடிய வயரிங் அது.

இரண்டு சோதனையிலும் பிரஸ் தேறினால், பட்டனை விட்டதிலிருந்து ஸ்லைடு நிற்கும் நேரத்தை அளக்கவும். 0.2 நொடி என்றால் பட்டன்கள் டையிலிருந்து குறைந்தது 1600 × 0.2 + 250 = 570 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும் (1600 என்பது நொடிக்கு மி.மீ. கணக்கில் கையின் வேகம், 250 என்பது கூடுதல் இடைவெளி); அப்போதுதான் கை டைக்குப் போய்ச் சேருமுன் ஸ்லைடு நிற்கும். பிரேக் லைனிங் தேயத் தேய இந்த நேரம் கூடும்.

பட்டனை அப்படிக் கட்டி வைத்தவர் யார் என்பதோடு விசாரணையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. தகட்டைப் பிடிக்க ஒரு கை தேவைப்பட்டதா, அதற்கு ஃபிக்சர் (தகட்டைப் பிடித்து வைக்கும் சாதனம்) இல்லையா, சூப்பர்வைசர் பார்த்தும் விட்டாரா என்று கேளுங்கள்.

ஒன்று கவனிக்கவும்: சாவி கிளட்ச் பிரஸ் (ஒருமுறை ஓடத் தொடங்கினால் முழுச் சுற்றும் முடித்தே நிற்கும் வகை) என்றால் மேற்படி தூரக் கணக்கு பொருந்தாது. அது ஸ்ட்ரோக்கின் நடுவில் நிற்காது. டையைச் சுற்றி நிலையான கார்டு (கை நுழையாத தடுப்பு) போட்டாக வேண்டும்.