வாட்ஸ்அப் சாட் கோர்ட்டில் செல்லுமா? ஸ்கிரீன்ஷாட் போதுமா?

செல்லும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிக் கோர்ட் படி ஏறாதீர்கள். நீங்களும் கைமாற்றுக் கொடுத்த பணத்துக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் வக்கீல் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சொந்தக்காரர் ஒருவருக்கு அம்மா 2,40,000 ரூபாய் கொடுத்தார். 2 லட்சம் பேங்க் வழியாக, மீதி 40,000 கையில். புரோநோட்டு ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று வந்து நிற்பவரிடம் ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துக் கேட்க மனசு வரவில்லை, அது தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. "அக்கா, மொத்தம் ரெண்டு நாப்பது, தை பிறந்ததும் தந்துடுறேன்" என்று அவரே வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். அப்புறம் தீபாவளிக்கு அம்மாவின் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு வாங்கிக் கொடுத்தேன். அங்கேதான் எல்லாம் போச்சு.

வக்கீல் கேட்ட முதல் கேள்வியே "போன் எங்கே?" என்பதுதான். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று ஒரு பிரிவு, 2000-இல் சேர்த்தது. மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால், அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுத்தது என்று கையெழுத்துப் போட்ட ஒரு சான்றிதழும் கூடவே வேண்டும். 2014-இல் அன்வர் வழக்கிலும், 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் சுப்ரீம் கோர்ட் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. போனுக்கு உரியவரே கூண்டில் ஏறி அசல் போனைக் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை. எங்களிடம் அந்தப் போனே இல்லையே! என் போனுக்கு நான் சான்றிதழ் கொடுத்தாலும், படம் என் போனில் இருந்தது என்றுதான் ஆகும், அந்த வரியை அவர்தான் எழுதினார் என்று ஆகாது.

பேங்க் முத்திரையோடு வாங்கிய ஸ்டேட்மெண்ட்தான் காப்பாற்றியது. 2 லட்சத்துக்கு மட்டும் தீர்ப்பு. அந்த 40,000-ஐ விட வாய்தா வாய்தாவாக மூட்டு வலியோடு அம்மா வராந்தாவில் நின்றதுதான் எனக்கு ஆறவில்லை. சாட்சி சொல்ல வருகிற வயசானவர்களுக்கு நாலு நாற்காலி போட்டால் என்ன?

சரி, உங்கள் விஷயம். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம், பாரதிய சாக்ஷ்ய அதினியம். அதில் இது 63-ஆம் பிரிவு. சான்றிதழ் இரண்டு பகுதி: ஒன்றில் நீங்களும் இன்னொன்றில் நிபுணரும் கையெழுத்துப் போட வேண்டும், ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். அது ஃபைலின் கைரேகை மாதிரி, உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும். அதனால் சாட்டை அழிக்காதீர்கள், டிஸ்பிளே உடைந்தாலும் அந்தப் போனை விற்காதீர்கள், அப்படியே எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.