வேல்ஸ் நாடாளுமன்றத்துக்கு உண்மையிலேயே சட்டம் இயற்றும் அதிகாரம் உண்டா, இல்லை பெயரளவுக்குத்தானா?

உண்டு. நீங்கள் இங்கிலாந்திலிருந்து இந்தப் பக்கம் வேலை மாறி வரப்போகிறவர் என்று நினைக்கிறேன். "அது ஒரு பெரிய உள்ளாட்சி கவுன்சில், அவ்வளவுதான்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். லண்டனில் இருக்கும் என் மச்சான் சொல்வதும் இதேதான், கேட்டுக் கேட்டு எரிச்சல் வந்துதான் எழுதுகிறேன்.

2023இல் வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். வீட்டுக்காரர் இங்கிலாந்துப் பக்கம் பிரிஸ்டலில் இருப்பவர். 2024 ஜனவரியில் அவரிடமிருந்து நோட்டீஸ், இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம். வாடகை பாக்கி இல்லை, சண்டை இல்லை, காரணமும் எழுதவில்லை. பெரியவளுக்கோ மே மாதம் ஜிசிஎஸ்இ, அதாவது பதினாறு வயதில் எழுதும் பொதுப் பரீட்சை. மனைவி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுவசதி ஆலோசனை மையத்துக்குப் போனாள். அங்கிருந்த அம்மா, தாளில் '1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், பிரிவு 21' என்றிருந்த வரியில் விரலை வைத்து, "இது இங்கிலாந்துப் படிவம், இங்கே செல்லாது" என்று சொல்லிவிட்டார். வேல்ஸ் 2016இல் இயற்றிய வாடகை வீட்டுச் சட்டம் 2022 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. குடியிருப்பவர் மேல் தப்பு எதுவும் இல்லையென்றால் ஆறு மாத நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். இங்கிலாந்தில் அப்போது இரண்டு மாதம்தான். மகள் அதே வீட்டில் இருந்தே பரீட்சை எழுதி முடித்தாள். லண்டன் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் சட்டத்தை வைக்க எந்த கவுன்சிலால் முடியும், சொல்லுங்கள்?

இந்த அதிகாரம் ஒரே நாளில் வந்ததும் இல்லை. வேல்ஸுக்குத் தனிப் பேரவை (இன்றைய நாடாளுமன்றத்தின் அப்போதைய பெயர்) வேண்டுமா என்ற 1997 பொதுவாக்கெடுப்பில் ஆதரவு 50.3 சதவீதம், 6,721 வாக்கு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தது. 1999இல் பேரவை கூடியபோது முழுச் சட்டம் இயற்றும் உரிமை கிடையாது. 2006இல் வந்த வேல்ஸ் அரசுச் சட்டத்துக்குப் பிறகும் ஒவ்வொரு விஷயத்துக்கும் லண்டனிடம் போய் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்த அனுமதி இல்லாமலே சட்டம் போடலாமா என்று 2011இல் மறுபடி மக்களிடம் கேட்டபோது, வாக்களித்தவர்களில் 63.5 சதவீதம் பேர் சரி என்றார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டுவசதி, கல்வி, சுகாதாரம் உட்பட 20 துறைகளில் நேரடியாகச் சட்டம் போட முடிந்தது. எங்களைக் காப்பாற்றிய சட்டமும் அப்படி வந்ததுதான்.

குடியிருப்புப் பகுதிச் சாலைகளுக்கு வேல்ஸ் கொண்டுவந்த மணிக்கு 20 மைல் வேக வரம்பைச் சொல்லித் திட்ட வருகிறவர்களுக்கு: அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் சட்டம் பிடிக்கவில்லை என்பது வேறு, அதிகாரமே இல்லை என்பது வேறு. எல்லா அதிகாரமும் வந்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. போலீஸ், நீதிமன்றம், சிறை மூன்றும் இன்னும் லண்டன் கையில்தான். ஸ்காட்லாந்துக்குக் கொடுத்ததை வேல்ஸுக்கு ஏன் தரக்கூடாது என்பதற்கு ஒழுங்கான பதில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நோட்டீஸ் விஷயத்தை நம் ஆட்களிடம் சொன்னால், "இத்தனை வருஷமாகியும் சொந்த வீடு வாங்கலையா?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஊருக்கும் பணம் அனுப்புகிறவன் முன்பணத்துக்கு எங்கே போவான்? வாடகைக்கு இருப்பவனை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கும் பழக்கத்தைக் கடல் தாண்டியும் கொண்டு வந்திருக்கிறோம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வீடு எடுத்தால், குடிவந்த 14 நாளுக்குள் வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்பந்தம் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கி வையுங்கள். அவர் வேல்ஸில் வீட்டு உரிமையாளராகப் பதிவு செய்திருக்கிறாரா என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே பாருங்கள்.