சட்டமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும்போது எம்எல்ஏவிடம் மனு கொடுத்தால் எங்கள் ஊர் ரோடு வருமா?

அப்போது கொடுத்தால் லேட். தமிழ்நாடு பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும் (2024இல் பிப்ரவரி 19, 2025இல் மார்ச் 14). வாசிக்கும் அன்றைக்கே எந்தத் துறைக்கு எவ்வளவு என்பது முடிவாகியிருக்கும். பிறகு, ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் உங்கள் உறுப்பினர் பேசலாம், தொகையைக் குறைக்கச் சொல்லி எதிர்ப்பைக் காட்டும் வெட்டுத் தீர்மானமும் கொடுக்கலாம். ஆனால் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கும்வரை தொகை மாறாது. அதனால் வேலையை அக்டோபரிலேயே தொடங்குங்கள். அக்டோபர் 2, நவம்பர் 1 இரண்டும் கிராமசபை நாட்கள். தீர்மானம் போட்டு நகல் வாங்கி வையுங்கள்.

மனுவோடு எம்எல்ஏ அலுவலகத்துக்குப் போனால் உதவியாளர் முதலில் கேட்பது, "இது யூனியன் ரோடா, ஹைவேஸ் ரோடா?" என்றுதான். எங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் அந்த இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் ஊரக வளர்ச்சித் துறை, மற்றது நெடுஞ்சாலைத் துறை. மானியக் கோரிக்கை வேறு, அமைச்சர் வேறு, பேச்சு வரும் நாளும் வேறு. நாம் துறை மாற்றிக் கேட்டால் "இது எங்கள் துறையைச் சார்ந்ததல்ல" என்ற ஒரு வரியில் கதை முடிந்துவிடும்.

எந்த ரோட்டை முதலில் கேட்பது என்ற சண்டையையும் ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் அப்போதைய முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கேட்டார். ஒரு தொகுதியில் எத்தனை ஊராட்சிகள் என்று யோசித்துப் பாருங்கள். பத்துக்குள் வர எவ்வளவு போட்டி! ரோடு, பாலம், சமுதாயக் கூடம், நூலகம் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் அதில் எது செலவு குறைவோ அதைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்து ஊரில் பாலம் கேட்டவர்களுக்கு நிழற்குடைதான் வந்தது.

கேள்வி நேரத்தில் பதில் வந்தால் சொற்களைக் கவனியுங்கள். "கருத்துரு இல்லை" என்றால் துறையில் கோப்பே தொடங்கவில்லை. "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்பதற்கு இந்த வருடம் கிடையாது என்று பொருள். "மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது" என்றால் கொஞ்சம் நம்பலாம்.

சட்டமன்ற விதி 110இன் கீழ், அதாவது முதலமைச்சரோ அமைச்சரோ அவையில் அறிக்கையாக வாசிக்கும் அறிவிப்பு வந்தால் ஊரே கொண்டாடும், ஆனால் அந்த அறிக்கைமீது அவையில் விவாதம் கிடையாது என்பது எனக்குப் பிடிப்பதில்லை. எப்போது, எந்த நிதியில் என்று யாரும் அங்கே திருப்பிக் கேட்க முடியாது.

சரி, அறிவிப்பு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அரசாணை வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் டெண்டர் எப்போது என்று கேட்டு மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.